வாசலில் நின்ற ஜெனரேட்டர்

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் இட்லிக்கு மாவு ஊற்றும்போது கரண்ட் போனது. முன்பெல்லாம் கரண்ட் போனால் தெருவில் யாராவது "போச்சுடா" என்பார்கள். இப்போது எங்கள் வீட்டில் முதலில் குரல் கொடுப்பது மெஷின்தான். கீ கீ என்று கத்தும். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாகச் செண்பகத்தின் மூக்குக்கு அனுப்புகிற பெட்டி அது. ஆகஸ்டிலிருந்து என் மனைவிக்கு நான் பாதி, அது பாதி. அது பெரிய பாதி.

ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். அவசரத்துக்கு வைத்திருக்கும் சின்னச் சிலிண்டர் அது. ஒரு சினிமா பார்க்கிற நேரம் தாங்கும், பாட்டு அதிகம் இல்லாத சினிமாவாக இருந்தால். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பில் எண் தொண்ணூறுக்கு மேல் வந்ததும் திரும்பிப் பார்த்தேன். இட்லி கல்லாகியிருந்தது. அப்படியே தின்றேன்.

சென்னையிலிருந்து மகள் கலையரசி போன் செய்தாள்.

"அப்பா, எங்க அப்பார்ட்மெண்ட்ல கரண்ட் போனா லிஃப்ட்டுகூட நிக்காது. அம்மாவ இங்க கொண்டாந்துருங்க. நெஞ்சு டாக்டரும் பக்கத்துலயே இருக்காரு. எத்தன தடவ சொல்றது?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த செண்பகம் மூச்சைக் கூட்டிவைத்துப் பேசினாள். "வேணாம்டி. சித்திரையில வந்து இருந்தேன்ல. உன் வீட்டுல எல்லாரும் எங்கிட்ட மெதுவா பேசுறீங்க. ஒருத்தரும் சண்ட போட மாட்டேங்கிறீங்க. இருக்கும்போதே போயிட்ட மாரி இருக்கு."

 மகள் என்னிடம் சொன்னாள். "சரிப்பா. மழைக்கு முன்னாடி நல்ல ஜெனரேட்டரா ஒண்ணு வாங்குங்க. மொத பெருமழைய அது தாங்கிருச்சின்னா அம்மா அங்கயே இருக்கட்டும். ஒரே ஒரு தடவ மெஷின் நின்னுச்சின்னாலும் நான் வேனோட வந்துருவேன். அப்பறம் நீங்க ரெண்டு பேரும் எதுவும் பேசக்கூடாது."

அவள் பேசுவது மேலாளர் பேசுவதுபோலவே இருக்கும். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து மேலாளர்களுக்குத் தலையாட்டிப் பழகிய எனக்கு அது கஷ்டமாக இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

திருவாரூர் போனேன். ஜெனரேட்டர் கடையில் ஜாபர் என்பவர் உட்காரவைத்து டீ கொடுத்தார். கடை முழுக்க சிவப்பிலும் மஞ்சளிலும் ஜெனரேட்டர்கள், கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள்போல வரிசையாக இருந்தன.

"சார், இன்வெர்ட்டர்னா பேட்டரி. நாலஞ்சு மணி நேரம் வரும். புயல் மழைன்னா ரெண்டு நாளு மூணு நாளு கரண்ட் இருக்காது. அதுக்கு ஜெனரேட்டர்தான். அதுலயே சாதா ஒண்ணு இருக்கு. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்னு ஒண்ணு இருக்கு."

"இட்லி வேணுமா தோசை வேணுமான்னு கேட்டா இட்லி தோசைங்கிறீங்களே" என்றேன்.

சிரித்தார். "சாதால கரண்ட் ஏறி ஏறி எறங்கும். லைட்டு, ஃபேனுக்குப் பரவால்ல. இதுல சீரா வரும். சத்தமும் கம்மி. நீங்க என்ன போடப் போறீங்க?"

"ஆக்சிஜன் மெஷின். ஒரு ஃபேன், ஒரு லைட்டு. வீட்டுக்காரம்மாவுக்கு முடியல."

அவரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னொரு டீ சொன்னார். எதையும் வாங்காமல் வந்தேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படிச் சொல்லித்தானே எழுந்திருக்க முடியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

மெஷினின் பில்டரைக் கழுவினேன். தண்ணீர்க் குப்பியைக் கழுவினேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன், அதில் காம்பு இருந்தது என்று திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 9, வியாழன்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. படம் எடுத்தார்கள். செண்பகத்தை வெளியே சக்கர நாற்காலியில் இருக்கவைத்துவிட்டு, டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். போன தடவை நுரையீரல் பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது நார் மாதிரி ஆகிறது என்று சொன்னவர் அவர். இன்று உவமை எதுவும் சொல்லவில்லை. என் கையைத் தொட்டார். நான் ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டேன். "வாங்குங்க, நல்லதுதான்" என்றார். "ரெண்டு கேவிஏ தாங்குமா, மூணு வேணுமா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இவ்வளவு படித்தும்.

கேண்டீன் காபி நன்றாக இல்லை. சீனி போடவில்லை என்று நினைத்துப் போட்டுக்கொண்டேன். ஏற்கனவே போட்டிருந்தார்கள்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஜெனரேட்டர் வாங்கச் சொன்னாரு."

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"எந்தக் கம்பெனின்னு பேசிக்கிட்டிருந்தோம்."

அக்டோபர் 11, சனி

இன்று மின்வாரியத்தில் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். செண்பகத்தின் தம்பி அறிவழகனிடம் சொல்லியிருந்தேன். அவனுக்குப் பந்தல் தொழில். சாமியானா, நாற்காலி, சவுண்ட் செட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறான். ஐஸ் பெட்டியும் உண்டு. கல்யாணத்துக்கும் அவன்தான், சாவுக்கும் அவன்தான். காது குத்துக்கு மட்டும் கொஞ்சம் விலை குறைப்பான்.

எட்டரைக்கே வேனில் வந்துவிட்டான். சின்ன ஜெனரேட்டர் வெளியூர் போயிருந்தது என்று, பின்னால் சக்கரம் வைத்த பெரிய டீசல் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்திருந்தான். தேர் மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"என்னடா இது, ஊருக்கே கரண்ட் குடுக்கப் போறியா?"

"இருக்கட்டும் மாமா. அக்காவுக்குக் கொறையக்கூடாது."

வயர் வேனுக்குள் நாற்காலிகளுக்கு அடியில் இருந்தது. அதை எடுப்பதற்காகச் சிவப்பு நாற்காலிகளை இறக்கி வாசலில் அடுக்கினான். டியூப்லைட் கம்பத்தை இறக்கிச் சுவரில் சாத்தினான். ஜெனரேட்டரைப் போட்டான். தெருவே அதிர்ந்தது. மெஷின் ஓடியது. செண்பகம் கட்டிலில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டாள். நான் பெருமையாக வாசலில் நின்றேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஜெனரேட்டர் வந்து, நாற்காலி இறங்கினால் இரண்டே விஷயம்தான். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இல்லை. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அறிவுக்கும் தோன்றியிருக்க வேண்டும், தொழிலே அதுதான். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எதிர்வீட்டு அஞ்சம்மாள் வந்தாள். சாக்கடைத் தண்ணீர் விஷயமாகச் செண்பகத்தோடு பேச்சை நிறுத்தி அஞ்சு வருஷம் இருக்கும். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, கையில் பெரிய ரோஜா மாலையோடு, பின்னால் இரண்டு பெண்களோடு வந்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் அவள் அழுதது எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. நான் ஏதோ சொன்னேன். அவளுக்கும் கேட்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எம்மா செண்பகம், எங்கிட்ட ஒரு வார்த்த பேசாமயே போயிட்டியேம்மா."

செண்பகம் உப்புமாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசாம போனது நீதான்டி. சாக்கடத் தண்ணிய எங்க வாசல்ல திருப்பிவிட்டுட்டு."

அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு சொன்னாள். "அது எங்க வீட்டுத் தண்ணி இல்லடி. உங்க மொட்டமாடித் தண்ணி."

"மழ பெய்யாத மாசத்துல மொட்டமாடித் தண்ணியா?"

பிடித்துக்கொண்டார்கள். கூட வந்த பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். அறிவு வெளியே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். செண்பகத்தின் முகத்தில் ரத்தம் ஏறியிருந்ததைப் பார்த்தேன். ரொம்ப நாள் ஆயிற்று.

"மாலைய அங்க வச்சிட்டுப் போ. எனக்காடி இவ்ளோ பெருசா வாங்குன? உன் புருசனுக்குக்கூட இதுல பாதிதான போட்ட" என்று சொல்லிச் சிரித்தாள். அஞ்சம்மாளும் சிரித்தாள். சிரிப்புக்குப் பிறகு செண்பகத்துக்கு இருமல். இருமலுக்குப் பிறகு கிளிப்பில் எண் இறங்கியது. மறுபடி ஏறும்வரை அந்த மாலை என் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அஞ்சம்மாள் காலையிலேயே வந்து, சண்டையை நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். மீன்குழம்பும் கொண்டுவந்தாள். குழம்பில் புளி அதிகம் என்று இன்னொரு சண்டை.

அக்டோபர் 16, வியாழன்

ஜாபரிடமே வாங்கினேன். இரண்டு கேவிஏ, பெட்ரோல், இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். கலை போனில் எல்லாவற்றையும் அவரிடம் கேட்டாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஜாபர் எனக்கு விளக்கினார். "சார், இந்தப் பச்ச லைட்டு எரிஞ்சா கரண்ட் வருதுன்னு அர்த்தம். தாங்குறதுக்கு மேல இழுத்தா செவப்பு எரியும். அது ஓவர்லோடு."

"எனக்கேவா? முப்பது வருஷம் ஓவர்லோடுலதான் குடும்பம் நடத்துனேன். படிக்கட்டுல பன்னெண்டு பேரு."

அவர் சிரித்தார். நான் ஜோக் அடித்தால் எதிராளி சிரிக்கும்வரை எனக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. அவர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார்.

வாரன்டி அட்டையில் பெயர் எழுதக் கேட்டார். செண்பகவல்லி என்று சொன்னேன். மூன்று வருஷம் என்று பக்கத்தில் போட்டார். பிறகு என் பெயருக்கு, மாசிலாமணி என்று மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. வேறு அட்டை எடுத்து எழுதினார்.

கொல்லையில் தகரத்துக்குக் கீழே வைத்தோம். புகை அறைப் பக்கம் வரக்கூடாது என்று ஜாபரின் ஆள் ஜெனரேட்டர் வாயைத் தென்னைப் பக்கம் திருப்பி வைத்தார். சமையலறை ஜன்னல் வழியாக வயர். சந்தனம், குங்குமம் வைத்தேன். சூடம் கொளுத்தி ஆரத்தி காட்டி, அந்தத் தட்டை அப்படியே செண்பகத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். அறை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அங்கயே நில்லுங்க. மூக்குல ஆக்சிஜன் போவுது, தட்டுல நெருப்பு வச்சிக்கிட்டு வர்றீங்க. ஜெனரேட்டர் வந்த அன்னிக்கே என்ன அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா?"

தட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். குங்குமத்தை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிப்புகைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தினோம். கலை வரவில்லை, மழைக்கு வருகிறேன் என்றாள். செண்பகத்துக்குப் புதுப்புடவை. கட்டிலில் மடித்து வைத்துத் தடவிப் பார்த்தாள். கட்டிக்கொள்ளலாமா என்றேன். நிற்க வேண்டுமே என்றாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மெஷினில் அளவை மூன்றிலிருந்து நாலுக்குத் திருப்பினேன். கலையிடம் மூன்றரை என்று சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பத்து மணிக்குக் காற்று. முருங்கை சாய்ந்தது. கரண்ட் போனது. நான் குடையோடு கொல்லைக்கு ஓடிக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே வந்து மெஷின் ஓடுவதைப் பார்த்தேன். கட்டிலின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கண்டக்டரே, வண்டி கெளம்பிடுச்சா?" என்றாள்.

"ரைட்டு" என்றேன்.

போனில் சிக்னல் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. கரண்ட் இல்லை. மெயின்ரோட்டில் கம்பங்கள் விழுந்து கிடக்கின்றன என்றார்கள். தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் ஃபேன் சுற்றியது. காலையிலிருந்தே போன் சார்ஜ் போட ஆட்கள் வந்தார்கள். முன்கதவுப் பக்கம் பிளக் பலகை ஒன்றை எடுத்து வைத்தேன். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எடம் இருக்கு" என்று ஆளை ஒழுங்குபடுத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

மதியம் அஞ்சம்மாள் வந்தாள். "அண்ணே, தொட்டியில ஒரு சொட்டு இல்லண்ணே. மருமவ பச்ச ஒடம்பு, புள்ளைக்குத் துணி அலசத் தண்ணி இல்ல. மோட்டாருக்கு மட்டும் ஒரு பத்து நிமிசம் லைன் குடுங்க."

நான் செண்பகத்தைப் பார்த்தேன்.

"குடுங்க. பச்சப்புள்ள இருக்கிற வீடு" என்றாள்.

வயரைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து மோட்டாரில் மாட்டினோம். நான் எதிர்வீட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டேன். ம்ம் என்று ஒரு தடவை முனகிவிட்டு நின்றுவிட்டது. எங்கள் கொல்லையில் ஜெனரேட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் அங்கே வரை கேட்டது. அதனால் மோட்டாரில்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். வயரைப் பிடுங்கித் துடைத்து மாட்டினேன். மழை ஈரம் என்றேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

தாங்குறதுக்கு மேலே இழுத்தால் சிவப்பு எரியும் என்று ஜாபர் சொன்னார் அல்லவா. அப்போது கரண்ட் மட்டும்தான் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் கரண்ட் வரும். அவர் அதையும் சொல்லியிருப்பார். நான் படிக்கட்டில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

மெஷின் கத்தியிருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போன் சார்ஜ் போட வந்தவர்கள் மழை விட்டதென்று வெளியே போயிருந்தார்கள். மோட்டார் ஓடவில்லை என்று செண்பகத்திடம் சொல்லப் போன அஞ்சம்மாள்தான் பார்த்தாள். அவள் கத்தியது எனக்குக் கேட்டது.

செண்பகம் கட்டிலிலிருந்து பாதி இறங்கி, ஒரு கை சிலிண்டர் பக்கம் நீண்டிருக்க, தரையில் சாய்ந்து கிடந்தாள். உதடு நாவல்பழம். கிளிப்பில் எண் தெரியவே இல்லை, கோடு கோடாக வந்தது. சிலிண்டரைத் திறக்க என் கை வழுக்கியது. அஞ்சம்மாள் முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். குழாயை நான் மூக்கில் வைத்தேன். "இழுடி, இழுடி" என்று அஞ்சம்மாள் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே திட்டினாள். எல்லாக் கெட்ட வார்த்தையும் சொல்லித் திட்டினாள்.

எண் வந்தது. ஏறியது.

கொல்லைக்குப் போனேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டுப் போட்டேன். பச்சை வந்தது. உள்ளே வந்தபோது சுவர்க் காலண்டரில் தேதி ஞாயிறிலேயே நின்றதைப் பார்த்தேன். ஞாயிறு, திங்கள் இரண்டு தாளையும் கிழித்தேன். அஞ்சம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பருப்பு வேகவைத்தேன்.

நவம்பர் 19, புதன்

மதியம் கலை வந்துவிட்டாள். பஸ் நின்ற இடத்திலிருந்து யாருடைய டிராக்டரிலோ ஏறி, முழங்கால் வரை சேற்றோடு வந்தாள். தெரு முழுக்க கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. கொல்லையில் சத்தம் கேட்டது. வாசலிலேயே நின்று அழுதாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கையில் புதுச் சிராய்ப்பு இருந்தது.

"என்னம்மா இது?"

"கட்டுலு இடிச்சிது."

"ரெண்டு நாளா போனே போகல. எப்படி துடிச்சேன் தெரியுமா. மெஷின் நிக்காம ஓடுச்சா?"

அஞ்சம்மாள் கதவுப் பக்கம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"ஒரு தடவகூட நிக்கலடி" என்றாள் செண்பகம்.

கலை அஞ்சம்மாள் பக்கம் திரும்பினாள். "அத்த?"

"இந்தத் தெருவுக்கே உங்க வீட்டு மிசினுதாம்மா" என்றாள் அஞ்சம்மாள். ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைக்கூட வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள்.

கலை என்னோடு கொல்லைக்கு வந்தாள். ஜெனரேட்டரைச் சுற்றிப் பார்த்தாள். பச்சை விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, நான் ஆக்சிஜன் வச்ச வேனுக்குச் சொல்லிவச்சிட்டுதான் வந்தேன். ரோடு சரியானா நாளைக்கு வந்துரும். அங்க டாக்டரு பக்கத்துலயே இருக்காரு, இன்னும் கொஞ்ச காலம் நல்லா இழுத்துட்டுப் போயிரலாம்னு சொல்றாரு. ஆனா நான் சொன்ன வார்த்தைக்கு மாற மாட்டேன். நீங்க சொல்லுங்க. வேணாம்னு சொல்லிடவா?"

சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் கேட்டது.

"சொல்லிடும்மா" என்றேன்.

நவம்பர் 22, சனி

விடியற்காலை கரண்ட் வந்துவிட்டது. ஜெனரேட்டரை நிறுத்தினேன். காது அடைத்ததுபோல இருந்தது. கலை பத்து மணி பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது என் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். நல்லா பாத்துக்கிறீங்கப்பா என்றாள்.

அவள் போனதும் செண்பகம் கூப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"கலைகிட்ட நான் பொய் சொன்னேன்."

"ஆமா."

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ சொன்னதுக்கு மாத்தி நான் என்னிக்குப் பேசியிருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. "நான் எனக்காகச் சொன்னேன். நீங்க யாருக்காகச் சும்மா இருந்தீங்க?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

பில்டர் கழுவ வேண்டும் என்று எழுந்துவிட்டேன். வெளியே நல்ல வெயில். கழுவிக் கொடியில் போட்டேன். உள்ளங்கை அளவு துணி, நின்ற நிலையில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.